கடவுச்சொல்லை மாற்றினால் போதுமா?

(கமுந்திங்கில் பதிவான தொலைக்காட்சி அரங்கத்தில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெளியூரில் என் சொந்த ஊர் கமுந்திங் என்று சொன்னால் உடனே "ஓ, காம்ப் இருக்குற ஊரா?" என்று கேட்பார்கள். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012-இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் இந்தக் கேள்வி மட்டும் இன்னும் நிற்கவில்லை. எனக்குக் கமுந்திங் என்றால் விரைவுப் பேருந்து நிலையமும், பாட்டி பால் மரம் வெட்டிய தோட்டமும்தான். இன்றைய பேச்சில் பாட்டியின் தோட்டம் வரும். இணையத்தைப் பற்றிப் பேச வந்தவள் தோட்டத்தைப் பற்றிப் பேசுகிறாளே என்று நினைக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

நான் கணினி படித்தவள் அல்ல. தொடர்புத்துறையில் டிப்ளோமா முடித்துவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்தவள். "உனக்கு எதுக்கும்மா இந்தத் தலைப்பு?" என்று காரில் வரும்போது மாமா கேட்டார். சூடுபட்டவள் என்பதுதான் என் ஒரே தகுதி. அந்தச் சூட்டை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நான் செய்துகொண்டிருந்த நிகழ்ச்சிக்குச் சமூக ஊடகம் ஒன்றில் பக்கம் இருந்தது. விளம்பரம் தருகிறோம் என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. ஒப்பந்தப் படிவம் என்று ஒரு கோப்பும் அதோடு இணைக்கப்பட்டிருந்தது. எங்கள் குழுவில் ஒருவர் அதைத் திறந்தார். திரையில் ஒன்றும் வரவில்லை. 'கெட்டுப்போன கோப்பு போலிருக்கிறது' என்று விட்டுவிட்டோம். மறுநாள் காலையில் எங்கள் பக்கத்திலிருந்து நேயர்களுக்கு என் பெயரில் செய்தி போய்க்கொண்டிருந்தது. ஒரு குழந்தைக்கு இருதய அறுவைச் சிகிச்சை, அவசரம், இந்த வங்கிக் கணக்கில் முடிந்ததைப் போடுங்கள் என்று.

பதறிப்போய்க் கடவுச்சொல்லை மாற்றினேன். மாற்றும்போது திரையில் ஒரு கேள்வி வந்தது. மற்ற கருவிகளிலிருந்தும் வெளியேற வேண்டுமா, அல்லது அப்படியே இருக்கட்டுமா? ஈப்போவிலிருந்து எங்கள் தோழி அந்த நேரத்தில் ஒரு காணொளியை ஏற்றிக்கொண்டிருந்தாள். அவளை ஏன் வெளியே தள்ள வேண்டும் என்று நினைத்து 'அப்படியே இருக்கட்டும்' என்பதைத் தட்டினேன். இரண்டு மணி நேரத்தில் அதே செய்தி மீண்டும் போகத் தொடங்கியது. மறுபடியும் கடவுச்சொல்லை மாற்றினேன், மறுபடியும் அதே பதிலைத் தட்டினேன். அன்று மூன்று முறை மாற்றினேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், ஆச்சரியக்குறி எல்லாம் போட்டேன். கடைசியில் எனக்கே அது நினைவில் நிற்கவில்லை.

சாயங்காலம் ஓர் அம்மா அழைத்தார். பேராக்கில் வேறோர் ஊர். 300 வெள்ளி போட்டிருக்கிறார். "புள்ளைக்கு ஆப்பரேஷன் முடிஞ்சிதாம்மா?" என்று கேட்டார். நான் வாயடைத்து நின்றேன். "நீங்கதானே பாப்பா கேட்டீங்க?" என்றார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அன்று இரவு தெரிந்த அண்ணன் ஒருவர் வந்தார். கணினி வேலை பார்ப்பவர். நடந்ததைக் கேட்டுவிட்டு, "தங்கச்சி, நீங்க வாசல் பூட்டைத்தான் மாத்திக்கிட்டே இருக்கீங்க. ஆளு உள்ள உக்காந்திருக்கான்" என்றார். அமைப்புப் பகுதிக்குள் போய், எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு என்ற ஒரு பொத்தானைத் தட்டினார். பத்து விநாடிகூட ஆகவில்லை. அதோடு அந்தச் செய்திகள் நின்றன. அந்தக் கோப்பைத் திறந்த கணினியைத் துடைத்துச் சுத்தம் செய்யும்வரை யாரும் அதில் எதிலும் நுழையக்கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளே உட்கார்ந்திருந்த அந்த ஆள் எப்படி வந்தான்? கடவுச்சொல் தெரியாமலே எப்படி உட்கார்ந்திருந்தான்? அன்று முதல் இதை விசாரிக்கத் தொடங்கினேன்.

மறதிக்கார கிராணி

தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர்களுக்குப் பெரட்டு தெரியும். விடியும் முன்பே பெரட்டுக் களத்தில் போய் நிற்க வேண்டும். கிராணி பெயர் கூப்பிடுவார். செக்ரோலில் பெயருக்கு நேராகக் குறி விழுந்தால்தான் அன்றைய சம்பளம். ஒருமுறை குறி விழுந்துவிட்டால், பாலை நிறுக்கும்போது "நீ யாரு?" என்று மறுபடியும் கேட்க மாட்டார். அவருக்கு ஆளைத் தெரியும்.

இப்போது ஒரு விசித்திரமான கிராணியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவருக்கு ஞாபகசக்தியே கிடையாது. உங்கள் பெயரை எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்து, "யாரும்மா நீ?" என்பார். வாளியைக் கொடுத்தால் "யாரும்மா நீ?" பாலை ஊற்றினால் "யாரும்மா நீ?" அகப்பக்கத்தை நடத்தும் சர்வர் என்ற கணினி அப்படிப்பட்டதுதான். சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வலைப்பின்னலை உருவாக்கியபோது, ஆய்வாளர்கள் கட்டுரைகளைப் பார்ப்பதே நோக்கம். ஒரு பக்கத்தைக் கேட்டால் கொடுத்துவிடும். கொடுத்தவுடன் மறந்துவிடும். கட்டுரை படிக்கிறவருக்கு அது போதும். கடை நடத்த முடியுமா? சட்டையைக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனால் கூடையும் இல்லை, சட்டையும் இல்லை.

1994-இல் அமெரிக்காவில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த லூ மொண்டுல்லி என்ற இளைஞர் இதற்கு வழி கண்டுபிடித்தார். ஒரு வாடிக்கையாளர் நிறுவனம் இணையக் கடை கட்ட விரும்பியது. ஆனால் பாதியில் நிற்கும் கூடைகளையெல்லாம் தன் சர்வரில் சுமக்க அது விரும்பவில்லை. அப்படியானால் ஒரு சின்னச் சீட்டை வாடிக்கையாளரின் கணினியிலேயே வைத்துவிடலாம், ஒவ்வொரு முறை வரும்போதும் அதைக் காட்டட்டும் என்றார் மொண்டுல்லி. அந்தச் சீட்டுக்குத்தான் குக்கி என்று பெயர். தின்னும் பிஸ்கட்டுக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. கணினிக்காரர்களிடையே 'மேஜிக் குக்கி' என்று ஏற்கெனவே ஒரு சொல் இருந்தது, அதிலிருந்து எடுத்துக்கொண்டார்.

நம் மறதிக்கார கிராணிக்கும் இதே வழிதான். காலையில் ஒருமுறை பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறார். சரியாக இருந்தால் நீளமான ஓர் எண்ணைச் சீட்டில் எழுதிக் கையில் கொடுக்கிறார். அதே எண்ணைத் தன் செக்ரோலில் உங்கள் பெயருக்கு நேராகவும் எழுதிக்கொள்கிறார். அதன் பிறகு கடவுச்சொல் பேச்சே இல்லை. சீட்டைக் காட்டினால் போதும். சீட்டு வாங்கியதிலிருந்து செக்ரோலில் அந்த வரி அடிக்கப்படும்வரை உள்ள நேரத்தை ஆங்கிலத்தில் செஷன் என்கிறார்கள், நாம் அமர்வு என்கிறோம்.

சீட்டில் முகம் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? யார் கொண்டுவந்து காட்டினாலும் கிராணிக்கு அது நீங்கள்தான்.

இங்கே ஒரு பழைய கதை. எனக்கு 14 வயதிருக்கும்போது ஊரில் ஓர் இணைய மையத்துக்குப் போவேன். பள்ளிச் சீருடையோடு உள்ளே விட மாட்டார்கள், பையில் ஒரு டீசட்டை எப்போதும் இருக்கும். ஒருநாள் நேரம் முடிந்துவிட்டது என்று அவசரமாகச் சன்னலை மூடிவிட்டு ஓடிவந்துவிட்டேன். வெளியேறு என்பதைத் தட்டவில்லை. அடுத்து உட்கார்ந்த புண்ணியவான் என் மின்னஞ்சலிலிருந்து என் வகுப்பில் பாதிப் பேருக்குக் காதல் கடிதம் அனுப்பிவைத்தான். ஒரே கடிதம், எல்லாருக்கும்! ஒரு மாதம் பள்ளியில் தலைகாட்ட முடியவில்லை. அவன் என் கடவுச்சொல்லைத் திருடவில்லை. நான் மேசையில் விட்டுவந்த சீட்டை எடுத்துக் காட்டினான், அவ்வளவுதான்.

பக்கத்து மேசையில் இருந்தே திருடலாம்

2010 அக்டோபரில் எரிக் பட்லர் என்ற அமெரிக்க நிரலாளர் ஃபயர்ஷீப் என்ற ஒரு சின்னக் கருவியை வெளியிட்டார். கோப்பிக்கடையில் எல்லாரும் கடவுச்சொல் இல்லாத ஒரே வைஃபையில் இருக்கிறீர்கள் என்று வையுங்கள். அந்தக் கருவியை உலாவியில் போட்டால், அதே வைஃபையில் இருப்பவர்களின் சமூக ஊடகக் கணக்குகள் படத்தோடு வரிசையாக வந்து நிற்கும். படத்தைத் தட்டினால் அவர் கணக்குக்குள் நீங்கள்! எந்த வித்தையும் தெரிய வேண்டியதில்லை.

அந்தக் காலத்தில் பெரிய அகப்பக்கங்கள்கூடக் கடவுச்சொல்லை மட்டும் மறையாக்கம் செய்து பூட்டி அனுப்பின. சீட்டைத் திறந்த தபால் அட்டைபோல் காற்றில் அனுப்பின. பட்லர் திருடுவதற்காக அதைச் செய்யவில்லை. நிறுவனங்களுக்கு இது ஆண்டுக்கணக்காகத் தெரியும், தெரிந்தும் சரிசெய்யவில்லை, பொதுமக்கள் கண்ணால் பார்க்கட்டும் என்றே வெளியிட்டார். அவர் செய்தது சரியா தவறா என்று அப்போது பெரிய வாதம் நடந்தது. எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. 2011 ஜனவரியில் ஃபேஸ்புக் எல்லாப் பக்கங்களையும் பூட்டி அனுப்பும் வசதியைக் கொடுத்தது. 2013-இல் அதையே எல்லாருக்கும் வழக்கமாக்கியது. இன்று முகவரிப் பட்டையில் நீங்கள் பார்க்கும் எச்டிடிபிஎஸ் என்பது அந்தப் பூட்டுதான். ஆகவே கோப்பிக்கடை வைஃபை இன்று பழைய அளவுக்கு ஆபத்தானதல்ல.

திருடனும் சும்மா இருக்கவில்லை, இடம் மாறிவிட்டான். காற்றில் பிடிக்க முடியாவிட்டால் உங்கள் கணினிக்குள்ளேயே வந்து சீட்டுக் கட்டை அள்ளிக்கொண்டு போகிறான். எனக்கு நடந்தது அதுதான். எனக்கு மட்டுமா? கனடாவின் லைனஸ் டெக் டிப்ஸ் என்ற யூடியூப் ஒளிவழிக்கு ஒன்றரைக் கோடிப் பேருக்குமேல் நேயர்கள். தொழில்நுட்பம் சொல்லிக்கொடுப்பதே அவர்கள் தொழில். 2023 மார்ச்சில் அவர்கள் குழுவில் ஒருவர் விளம்பர ஒப்பந்தம்போல் வந்த ஒரு கோப்பைத் திறந்தார். உலாவியில் இருந்த அமர்வுச் சீட்டுகள் எல்லாம் போய்விட்டன. ஒளிவழியின் பெயரே மாறி, எலான் மஸ்க் படத்தோடு கிரிப்டோ நாணய மோசடி நேரலை ஓடியது. கடவுச்சொல் பலமாக இருந்தும் பயனில்லை. கைத்தொலைபேசிக்கு எண் வரும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் உதவவில்லை. அவை இரண்டும் வாசலில் நிற்கும் காவல். சீட்டு வாசலைத் தாண்டிய பிறகு கொடுக்கப்படுவது. லைனஸ் இதை ஒளிவுமறைவில்லாமல் காணொளியில் சொன்னார். அதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன்?

செக்ரோலில் பெயரை அடிப்பது

இனிமேல் சொல்வதுதான் இன்றைய பேச்சின் சாரம். தயவுசெய்து கொஞ்சம் கவனியுங்கள்.

சீட்டைக் கிழிப்பது வேறு. செக்ரோலில் பெயரை அடிப்பது வேறு. உங்கள் உலாவியில் குக்கிகளை அழித்தால் உங்களிடம் இருக்கும் சீட்டு கிழிகிறது. திருடன் ஏற்கெனவே ஒரு நகல் எடுத்திருந்தால் அவன் சீட்டுக்கு ஒன்றும் ஆகாது. கிராணி செக்ரோலைப் பார்க்கிறார், எண் இருக்கிறது, "வாம்மா" என்கிறார். செக்ரோலில் அந்த வரியை அடித்தால்தான் ஊரில் எத்தனை நகல் இருந்தாலும் அத்தனையும் வெறும் காகிதம். நான் மூன்று முறை கடவுச்சொல்லை மாற்றியும் அந்த அம்மாவின் 300 வெள்ளி போனது எதனால்? நாளை காலைப் பெரட்டில் கேட்கப்போகும் கேள்வியைத்தான் நான் மாற்றினேன். இன்றைய செக்ரோலைத் தொடவில்லை.

இதற்கு உலக அளவில் நடந்த பெரிய சாட்சி ஒன்று உண்டு. 2018 செப்டம்பர் 28 அன்று ஃபேஸ்புக் ஓர் அறிவிப்பு விட்டது. நம் பக்கம் மற்றவர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று பார்க்கும் ஒரு வசதி அதில் இருந்தது. 2017 ஜூலையில் காணொளி ஏற்றும் பகுதியை மாற்றியபோது நுழைந்த பிழை அதோடு சேர்ந்துகொண்டது. அதன் வழியாக ஆட்கள் பிறருடைய அமர்வுச் சாவிகளை எடுத்துவிட்டார்கள். முதலில் கிட்டத்தட்ட 5 கோடிக் கணக்குகள் என்றார்கள், பிறகு அக்டோபரில் ஏறக்குறைய 3 கோடி என்று திருத்தினார்கள். அவர்கள் செய்த பரிகாரத்தைக் கேளுங்கள். அந்த 5 கோடிக் கணக்குகளின் சாவிகளையும், முன்னெச்சரிக்கையாக இன்னும் 4 கோடிக் கணக்குகளின் சாவிகளையும் ஒரேயடியாகச் செல்லாததாக்கினார்கள். உலகம் முழுவதும் 9 கோடிப் பேர் வெளியே தள்ளப்பட்டு மறுபடியும் உள்நுழைய வேண்டியதாயிற்று. 'கடவுச்சொல்லை மாற்றத் தேவையில்லை' என்றும் அப்போதே சொன்னார்கள். அது அலட்சியம் என்று பலர் நினைத்தார்கள். இல்லை. கடவுச்சொல் திருடு போகவில்லை, சீட்டுதான் போனது.

வங்கி அகப்பக்கம் சில நிமிடம் சும்மா இருந்தால் வெளியே தள்ளிவிடுகிறது என்று நம்மில் பலர் கோபப்படுகிறோம். நானும் திட்டியிருக்கிறேன். இப்போது திட்டுவதில்லை. நீங்கள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் கிராணி தானாகவே பெயரை அடித்துவிடுகிறார். சமூக ஊடகம் அப்படியா? மாதக்கணக்கில் உள்ளேயே வைத்திருக்கும். நாம் உள்ளே இருக்கும்வரை அதற்கு வருமானம்.

பேங்க் நெகாரா 2022 செப்டம்பரில் மோசடியைத் தடுக்க வங்கிகளுக்குச் சில நடவடிக்கைகளை அறிவித்தது. குறுஞ்செய்தியில் எண் அனுப்பும் முறையைப் படிப்படியாக விடுவது அதில் ஒன்று. பரிவர்த்தனைகளை உறுதிசெய்ய ஒருவருக்கு ஒரு கருவி மட்டும் என்பது இன்னொன்று. புதிதாகப் பதிவு செய்தால் உடனே பணம் அனுப்ப முடியாமல் ஒரு காத்திருப்பு நேரம் வைப்பது மற்றொன்று. அதன் பிறகு வங்கிகள் 'கில் சுவிட்ச்' என்ற பொத்தானையும் கொண்டுவந்தன. சந்தேகம் வந்தால் உங்கள் கணக்கின் இணைய நுழைவை நீங்களே நிறுத்திவிடலாம். உங்கள் வங்கியின் செயலியில் அது எங்கே இருக்கிறது என்று வீட்டுக்குப் போய்த் தேடிவையுங்கள். பணம் போன பதற்றத்தில் தேடினால் கண்ணுக்குத் தெரியாது. 997 என்ற எண்ணையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் அது. நான் முதலில் கூப்பிட்டிருக்க வேண்டியது அந்த எண்ணை. நான் கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டிருந்தேன்.

அகப்பக்கம் கட்டும் தம்பிகளுக்கு

பின்வரிசைத் தம்பிகளே, இனி உங்கள் முறை. கோயிலுக்கும் சங்கத்துக்கும் டியூஷன் மையத்துக்கும் இன்று நம் பிள்ளைகள்தான் அகப்பக்கம் செய்துகொடுக்கிறார்கள். பாராட்டுகிறேன். ஆனால் ஒரு சங்கத்தின் அகப்பக்கத்தில் என் அத்தை மகன் எனக்குக் காட்டிய வேடிக்கையைக் கேளுங்கள். உறுப்பினர் உள்ளே நுழைந்ததும் குக்கியில் அவருடைய உறுப்பினர் எண்ணை அப்படியே எழுதிவைத்திருக்கிறார்கள். இவன் எண் 118. உலாவியில் அதை 1 என்று மாற்றினான். சங்கத் தலைவர் ஆகிவிட்டான்! எல்லா உறுப்பினர்களின் அடையாள அட்டை எண்ணும் வீட்டு முகவரியும் திரையில் வந்து நின்றன. உடனே வெளியேறிப் பொறுப்பாளர்களிடம் சொன்னான், அவர்களும் சரிசெய்தார்கள். வேறு யாராவது அப்படி நுழைந்திருந்தால்? 1997 கணினிக் குற்றச் சட்டத்தின் 3-ஆம் பிரிவின்படி அனுமதியில்லாமல் நுழைவதற்கே 50,000 வெள்ளி வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். விளையாட்டுக்குக்கூடச் செய்துபார்க்காதீர்கள். ஆனால் கதவே இல்லாமல் வீட்டைக் கட்டியவருக்கும் ஒரு பொறுப்பு உண்டு அல்லவா?

சீட்டில் எழுதும் எண் யாராலும் ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டும். வரிசை எண் கூடாது, அடையாள அட்டை எண் கூடவே கூடாது. பிஎச்பி போன்ற மொழிகள் அந்த எண்ணைத் தாமே உருவாக்கித் தரும், நீங்கள் சொந்தமாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

எனக்குப் பாடம் எடுத்த அண்ணன் அடிக்கடி பார்க்கும் தவறு வெளியேறு பொத்தானில்தான் இருக்கிறதாம். பொத்தானைத் தட்டினால் முகப்புப் பக்கத்துக்குக் கொண்டுபோய் விடும். உள்ளே அமர்வு அப்படியே உயிரோடு இருக்கும். வெளியேறியது போன்ற ஒரு நாடகம்! பிஎச்பியில் அமர்வை அழிக்கும் கட்டளை சர்வரில் இருக்கும் பதிவை அழிக்கும். ஆனால் உலாவியில் இருக்கும் குக்கியைத் தொடாது. அதைக் காலாவதியான தேதி போட்டுத் தனியாக அழிக்க வேண்டும். இரண்டையும் செய்யுங்கள். ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் சர்வரில் இருப்பதை அழியுங்கள். அதில் 1440 விநாடி, அதாவது 24 நிமிடம், என்று ஓர் அமைப்பு இருக்கும். அந்த நேரத்துக்குப் பிறகு பழைய அமர்வுகள் குப்பையாகக் கருதப்படும், அவ்வளவுதான். குப்பை வண்டி சரியாக அந்த நிமிடத்தில் வரும் என்று நம்பிவிடாதீர்கள். கடைசியாக எப்போது வந்தார் என்ற நேரத்தை நீங்களே குறித்துவைத்துச் சோதிக்க வேண்டும்.

ஒருவர் உள்நுழைந்தவுடன் பழைய எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது எண் கொடுங்கள். ஏன் என்று கேட்பீர்கள். திருடன் முன்கூட்டியே தனக்குத் தெரிந்த ஓர் எண்ணை உங்கள் கையில் திணித்துவிட்டு, நீங்கள் கடவுச்சொல் போடும்வரை காத்திருப்பான். நீங்கள் உள்ளே போனதும் அதே எண்ணோடு அவனும் உள்ளே வருவான். புது எண் கொடுத்துவிட்டால் அவன் கையில் இருப்பது செல்லாது. கடவுச்சொல் மாறும்போதும் இதையே செய்யுங்கள். அந்தக் கணக்கின் மற்ற அமர்வுகள் எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். என்னைப்போல் அவசரத்தில் இருப்பவரிடம் 'அப்படியே இருக்கட்டுமா' என்று கேட்காதீர்கள். தோழி மறுபடியும் உள்நுழைந்துகொள்வாள், அதில் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

குக்கிக்கு மூன்று காப்புகள் உண்டு. செக்யூர் என்று குறித்தால் பூட்டிய வழியில் மட்டும் போகும். எச்டிடிபி ஒன்லி என்று குறித்தால் பக்கத்தில் யாராவது நுழைத்த நிரலால் அதைப் படிக்க முடியாது. மைக்ரோசாஃப்ட் அதை 2002-இலேயே கொண்டுவந்துவிட்டது. சேம்சைட் என்று குறித்தால் வேறோர் அகப்பக்கம் உங்கள் பெயரில் கட்டளை அனுப்புவது கடினம். மூன்றும் ஒரே வரியில் முடிகிற வேலை.

இப்போது சிலர் செக்ரோலே வேண்டாம் என்கிறார்கள். சீட்டிலேயே பெயரையும் நேரத்தையும் எழுதி, கிராணி கையொப்பம் போட்டுக் கொடுத்துவிடுவது. கையொப்பம் சரியாக இருந்தால் உள்ளே விடலாம். வேகம்தான், மறுக்கவில்லை. ஆனால் திருடு போனால் எந்த வரியை அடிப்பது? சீட்டில் எழுதிய நேரம் முடியும்வரை கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். அப்படிச் செய்கிறவர்கள் நேரத்தை நிமிடக்கணக்கில் சுருக்குங்கள். 30 நாள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் தூங்காதீர்கள்.

சீட்டைக் கருவியோடு கட்டிப்போடும் முயற்சியும் நடக்கிறது. 2024 ஏப்ரலில் கூகுள் அப்படி ஒரு திட்டத்தை அறிவித்தது. சீட்டோடு உங்கள் கணினியின் சில்லுக்குள் இருக்கும் ஒரு சாவியும் சேர்ந்தால்தான் செல்லும். திருடன் சீட்டை அள்ளிக்கொண்டு போனாலும் சாவி உங்கள் கணினியிலேயே இருக்கும். கிராணி சீட்டையும் கேட்டு, கைரேகையையும் கேட்பதுபோல. எல்லா இடத்துக்கும் அது வந்து சேரும்வரை செக்ரோலை அடிக்கத் தெரிந்திருப்பதுதான் நமக்குப் பாதுகாப்பு.

அந்த அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 300 வெள்ளியை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்க மறுத்தார். "யாரோ ஒரு புள்ளைக்குப் போச்சுன்னு நெனச்சுக்கிறேன்" என்றார். எந்தப் பிள்ளைக்கும் போகவில்லை என்று அவரிடம் விளக்கிச் சொல்ல எனக்கு வெகுநேரம் பிடித்தது. கடைசியில் வாங்கிக்கொண்டார். அந்தச் செய்தியை நம்பிப் பணம் போட்டுவிட்டு, எனக்கு அழைக்காமல் இருந்துவிட்ட வேறு நேயர்கள் இருந்தார்களா என்று எனக்குத் தெரியாது. அதுதான் இரவில் உறுத்துகிறது.

இப்போது எல்லாரும் கைத்தொலைபேசியை வெளியே எடுங்கள். பரவாயில்லை, அரங்கத்தில் அனுமதி உண்டு. வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட கருவிகள்' என்ற பகுதிக்குப் போங்கள். அங்கே அதிகபட்சம் நான்கு கருவிகள் இருக்கலாம். உங்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தால் அதைத் தட்டி வெளியேற்றுங்கள். மின்னஞ்சலுக்கும் சமூக ஊடகத்துக்கும் பாதுகாப்பு என்ற பகுதியில் இதேபோல் ஒரு பட்டியல் இருக்கும். எந்தக் கருவி, எந்த ஊர், எப்போது என்று காட்டும். ஊர்ப்பெயர் சில நேரம் தவறாக வரும். கமுந்திங்கில் உட்கார்ந்திருப்பவரைப் பினாங்கில் இருப்பதாகக் காட்டினால் பயந்துவிடாதீர்கள். கருவியின் பெயரைப் பாருங்கள்.

போன வாரம் என் அம்மாவின் மின்னஞ்சலில் பார்த்தேன். நான்கு கருவிகள். ஒன்று அவர் கையில் இருப்பது. இன்னொன்று என் பழைய மடிக்கணினி. மூன்றாவது, அம்மா தைப்பிங்கில் ஒரு கடையில் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கிய பழைய கைத்தொலைபேசி. அது இப்போது யார் கையில் இருக்கிறதோ! நான்காவது என்னவென்று அம்மாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கேட்டுக்கொண்டிருக்காமல் நான்கையும் வெளியேற்றினேன். "இப்ப மறுபடியும் எல்லாத்தையும் மொதல்ல இருந்து தட்டணுமா?" என்று அம்மா கோபித்துக்கொண்டார். தட்டிக்கொடுத்தேன். கடவுச்சொல்லையும் அப்போதே மாற்றினேன், ஒரே ஒரு முறை.

இயக்குநர் கையைக் காட்டுகிறார், நேரம் ஆகிவிட்டதாம். பட்டியலில் தெரியாத கருவி வந்தவர்கள் கையைத் தூக்குங்கள், அந்த அண்ணன் மேடைக்குப் பின்னால்தான் இருக்கிறார், வந்து பார்ப்பார்.